ஓட்டைக் காசுக்கு மார்க் இல்லை

பழங்காசுக்கெல்லாம் எழுபதுக்கு மார்க் போடுகிறார்கள். நூற்றுக்கும் இல்லை, பத்துக்கும் இல்லை, எழுபதுக்கு. ஏன் எழுபது என்று நான் கேட்காத ஆள் இல்லை, ஒழுங்காகப் பதில் சொன்ன ஆளும் இல்லை. அமெரிக்காவில் யாரோ எந்தக் காலத்திலோ வைத்த கணக்காம், உலகம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. எழுபது வாங்கிய காசு என்றால், மெஷினிலிருந்து விழுந்த நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, மனுஷக் கை படாமல் இருக்கிறது என்று அர்த்தம். கை பட்டால் மார்க் குறையும். தேய்ந்தால் குறையும். கீறல் விழுந்தால் குறையும். கழுவினால் மார்க்கே கிடையாது. அட, காசு எதுக்குத்தான் இருக்குது? கை மாறத்தானே?

இந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி "ஆரம்பிச்சிட்டீங்களா" என்று எழுந்து போய்விடுவாள். கடையில் டீ குடிக்க வருகிறவர்களும் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அதனால் எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன், அதை மறைக்கவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. கம்பிச் சுருள் எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக்கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. இருபத்தெட்டு வருஷமாகச் செம்பைப் பார்த்த கண் இது. சூடு பட்ட செம்பு எந்த நிறம், உப்புத் தண்ணீர் பட்டது எந்த நிறம், மண்ணுக்குள் கிடந்தது எந்த நிறம் என்று வாசற்படியில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். பழங்காசு சேர்க்கிற பழக்கமும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கோட்டை மலைகளைச் சுற்றி இருக்கிற கொல்லைகளில் மழை விட்டபிறகு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கப் போனால், வேரோடு சேர்ந்து எப்போதாவது ஒரு செப்புக் காசு வரும். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, "இது இன்னா செம்பா, பித்தளையா, பாரு" என்று என்னிடம் நீட்டுவார்கள். நான் எடையும் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தே சொல்வேன். சிலர் அப்படியே என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தக் காசுகளை யாரும் மெஷினில் அடிக்கவில்லை. எவனோ ஒருவன் கீழே உட்கார்ந்து, செப்புத் துண்டை அச்சின் மேல் வைத்து, சுத்தியலால் ஒரு போடு போட்டிருக்கிறான். அச்சு பெரியது, செப்புத் துண்டு சின்னது. அதனால் காசில் எப்போதும் பாதிப் படம்தான் விழும். ஒன்றில் தலை இருக்கும், கால் இருக்காது. இன்னொன்றில் எழுத்தின் வால் மட்டும் இருக்கும். நாலைந்து காசை அடுக்கிப் பார்த்தால்தான் முழுப் படமும் மனசில் சேரும். இதைத்தான் அந்த மார்க் போடுகிறவர்கள் எடுத்துவைத்துக்கொண்டு, 'படம் நடுவில் இல்லை, அடி சரியாக விழவில்லை, ஓரம் ஒழுங்கில்லை' என்று குறை எழுதுகிறார்கள். அடித்தவனே ஒழுங்காக அடிக்காததை நான் கெடுத்த மாதிரி எழுதினால் எரியாதா?

எனக்கு மட்டும்தான் இந்த எரிச்சல் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பழங்காசுக்காரர்கள் கூடுகிற ஒரு இணையப் பக்கத்தில் அமெரிக்காக்காரர் ஒருவர் பழக்கமானார். அவர் நாடு இங்கிலாந்துக்காரனுக்குக் கீழே இருந்த காலத்துச் செப்புக் காசுகளைத்தான் அவர் சேர்க்கிறார். அந்தக் காலத்தில் அங்கேயும் கொட்டகை போட்டு, கிடைத்த செம்பை நறுக்கி, கையால்தான் அடித்தார்களாம். அவர் எழுதுவதைப் போனில் மொழிபெயர்த்துப் படிப்பேன். பாதி புரியாது, கோபம் மட்டும் முழுசாகப் புரியும். ஒரே காசை மார்க் போடுகிற ஒரே கம்பெனிக்கு இரண்டு தடவை அனுப்பினாராம். முதல் தடவை மார்க் போட முடியாது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை நல்ல மார்க்கோடு வந்ததாம். காசு அதே காசு, பார்த்த ஆள்தான் வேறு. இதைப் படித்ததும் எனக்கு அவர் கூடப்பிறந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இந்தக் கதைதான் துணிச்சல் கொடுத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். திண்டிவனம் ரோட்டில் வல்லம் தாண்டி உள்ளே போனால் ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே ஒரு அண்ணன். என்னைவிட ஆறு வயசு மூத்தவர், ரெண்டு ஏக்கர் நெல்லும் மல்லாட்டையும் வைக்கிறவர். அவர் மோட்டாரை நான் மூன்று தடவை கட்டியிருக்கிறேன். மூன்றாவது தடவை மோட்டாரை மாட்டிவிட்டு, அவர் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் தங்கையின் பேரன் தவழ்ந்து வந்தான். இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும்தான் துணி. அந்த அரைஞாண் கயிற்றில் மாதா உருவம் பதித்த சின்னச் சுரூபம் ஒன்று, பக்கத்தில் ஓட்டை போட்ட செப்புக் காசு ஒன்று.

நான் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். பையனைப் பிடித்து மடியில் படுக்கவைத்து, இடுப்பை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவன் கத்தின கத்தலுக்கு வீடே ஓடி வந்தது. காசின் ஒரு பக்கம் நிற்கிற உருவம், கை தூக்கியிருந்தது. மறு பக்கம் இரண்டு வரி எழுத்து. இந்த வகையில் என்னிடம் ஒன்று இருக்கிறது, அதில் மேல் வரி மட்டும்தான் விழுந்திருக்கிறது. இதில் கீழ்வரியும் இருந்தது, செஞ்சி என்ற ஊர்ப் பேரோடு. இந்தக் கோட்டையில் அடித்த காசு இது என்று நான் பத்து வருஷமாகச் சொல்லி வந்தேன். கேட்டவனெல்லாம் சிரித்தான். அதற்கு ஆதாரம் ஒரு குழந்தையின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் வீட்டு வழக்கத்தை அண்ணன்தான் சொன்னார். அந்த வீட்டு வகையறாவில் எந்தக் குழந்தை பிறந்தாலும், ஞானஸ்நானம் முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் முதல் கயிறு கட்டுவார்கள். அந்த முதல் கயிற்றில் இந்தக் காசு இருக்க வேண்டும். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் கழற்றி, மாதா படத்துக்குக் கீழே இருக்கிற டப்பாவில் போட்டுவிடுவார்கள். அடுத்தது பிறக்கும்வரை அங்கேயே இருக்கும். அண்ணன் கட்டியிருக்கிறார், அவர் அப்பா கட்டியிருக்கிறார், அதற்கு முன்னால் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. யார் ஓட்டை போட்டது என்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரியில் நடந்த ஒரு பழங்காசுக்காரர் கூட்டத்தில் இதைப் பற்றிச் சொன்னேன். கழுத்தில் லென்ஸ் மாட்டிய ஒருவர், ஸ்லாபில் வராத காசைப் பற்றி சபையில் பேசக்கூடாது என்றார். ஸ்லாப் என்றால் மார்க் போட்ட காசை வைத்து ஒட்டிவிடுகிற கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டி. திறக்க முடியாது, திறந்தால் மார்க் செல்லாது. கடைவீதிக்கே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒரே யோசனை. அந்தக் காசு ஸ்லாபில் வரட்டும், அந்த லென்ஸ்காரன் மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறேன் என்று.

பையன் நடக்க ஆரம்பித்து, காசு டப்பாவுக்குத் திரும்பியதும் போய், மார்க் போடுகிற கம்பெனிக்கு அனுப்ப அதைக் கேட்டேன். அண்ணனின் மகளுக்கு அப்போது ஏழாம் மாசம். அண்ணன் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். ஞானஸ்நானத்துக்குள் திரும்பி வந்துவிடுமா என்றார். ஒன்றரை மாசத்தில் வந்துவிடும், கம்பெனியே எழுதியிருக்கிறது என்றேன். அப்படியென்றால் எடுத்துக்கொண்டு போ, நாளைக்கு வா, எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் போனேன். அண்ணி ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை மேல் காசை வைத்துக்கொண்டு வந்தாள். காசு பளபளவென்று இருந்தது. நேற்று அடித்த மாதிரி, புதுச் செப்புக் குழாய் மாதிரி, இளஞ்சிவப்பாக மின்னியது. முந்நூறு வருஷத்துக் களிம்பு, அந்தக் கரும்பச்சை, ஒன்றுமில்லை. புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து எடுத்திருக்கிறாள்.

"பட்டணத்துல பெரிய மனுசங்க பாக்கப் போறாங்க. அழுக்கோட அனுப்புனா நம்ம வீட்டப் பத்தி இன்னா நினைப்பாங்க?" என்றாள்.

குத்துவிளக்கை, செம்பை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற கம்மலை எல்லாம் இப்படித்தான் தேய்ப்பார்கள். வெளியூர் போகிற எதையும் குளிப்பாட்டி அனுப்புவதுதான் மரியாதை. கழுவாதீர்கள் என்று முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன் நான். காசைக் கழுவக்கூடாது என்பது எனக்கு எவ்வளவு பழகிப்போயிருந்தது என்றால், அது தெரியாதவர்கள் இருப்பார்கள் என்றே தோன்றவில்லை. "நல்லா இருக்குது அண்ணி" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதே காசைத் திருப்பி டப்பாவில் போடச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கழுவியிருந்தால் என்ன, எழுத்து எங்கே போய்விடும், படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது பைத்தியம். கம்பெனி பக்கத்தில் நம்பரைப் போட்டால் நம் காசு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். 'பெறப்பட்டது' என்று பத்து நாள். 'வரிசையில் உள்ளது' என்று ஒரு மாசம். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது ஒரு தடவை பார்ப்பேன். டீக்கு ஒரு தடவை, கரண்ட் போனால் ஒரு தடவை, கரண்ட் வந்தால் ஒரு தடவை. ஒருநாள் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம், ரோடு முழுக்க ஸ்பெஷல் பஸ், ஹாரன் சத்தத்தில் காது போகிறது. நான் நடு ரோட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவர் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார். இன்னொரு நாள் ஒரு மோட்டாருக்குக் கம்பிச் சுற்றின் எண்ணிக்கை தப்பிச் சுற்றிவிட்டேன். மாட்டிய அன்றைக்கே புகைந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் அப்படிச் செய்ததில்லை.

ஒன்றரை மாசம் மூன்று மாசமாயிற்று. அண்ணன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாவது வாரம் பார்சல் வந்தது.

மெலிதாக இருந்தது. ஸ்லாப் இருந்தால் கனமாக இருக்கும். பிரித்தேன். சாதாரண பிளாஸ்டிக் உறைக்குள் காசு, கூட ஒரு துண்டுச் சீட்டு. சுத்தம் செய்யப்பட்டது, மேற்பரப்பு மாற்றப்பட்டது, துளையிடப்பட்டது, மதிப்பிட இயலாது. அவ்வளவுதான். உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உலகத்தில் கீழ்வரி விழுந்த ஒரே காசு, எனக்குத் தெரிந்து. அதைப் பார்த்துவிட்டு ஓட்டை இருக்கிறது என்று எழுதியிருக்கிறான். எனக்கா ஓட்டை தெரியாது?

போன் போட்டேன். ஒரு பெண், குரலில் சர்க்கரை. "ஹோல் இருக்கு சார்" என்றாள். அந்த ஓட்டையைப் போட்டவனின் பேரனுக்குப் பேரனே செத்துப்போயிருப்பான் அம்மா, ஓட்டையும் அந்தக் காசின் வயசுதான் என்றேன். ஸ்டாண்டர்டு அப்படித்தான் சார் என்றாள். அந்த ஸ்டாண்டர்டை எழுதினவன் ஒரு தடவையாவது சுத்தியல் பிடித்திருக்கிறானா என்று கேட்டேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார் என்றாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. போனை மேஜையில் போட்ட வேகத்தில் கண்ணாடி விரிசல் விட்டது, இப்போதும் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் கணக்காகச் சொல்ல வேண்டும். காசு என் கையில் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வல்லத்துக்கு பைக்கில் இருபது நிமிஷம். கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், 'அவனுங்க கெடக்கறானுங்க அண்ணே, இந்தாங்க உங்க காசு' என்று சொல்லியிருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு மார்க்கா வேண்டும்? சீட்டில் இருந்ததைப் படித்தால் அண்ணி சிரித்திருப்பாள்.

நான் போகவில்லை. கடையைச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து, கம்பெனிக்கு ஏழு பக்கம் எழுதினேன். என் காசையும் அந்தக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். இரண்டு வரியையும் சேர்த்து வரைந்தேன். கையால் அடித்த காசுக்கும் மெஷின் காசுக்கும் என்ன வித்தியாசம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினேன். அமெரிக்காக்காரர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. இரண்டாவது தடவை வேறு ஆள் பார்ப்பான். மறுபார்வை என்று ஒரு படிவம் உண்டு, அதை நிரப்பி, காசை மறுபடியும் அதே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு டீக்கடையில் இரண்டு டீ அடுத்தடுத்துக் குடித்தது ஞாபகம் இருக்கிறது. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

மூன்று நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். மோட்டார் எப்படி, மழை உண்டா என்று பேசிவிட்டு, அந்தக் காசு இன்னா ஆச்சு தம்பி என்றார். இன்னும் வரவில்லை அண்ணே என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. சரி, பாரு என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரே மறுபடி கூப்பிட்டார். அவர்கள் பங்குக் கோயிலில் மாசத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் ஞானஸ்நானம். ஒரு மாசம் தள்ளிப் போட்டிருப்பதாகச் சொன்னார். சம்பந்தி வீட்டில் முணுமுணுக்கிறார்களாம், பங்கு சாமியாரும் ஏன் என்று கேட்டாராம், வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாராம். "ஒரு மாசம் போதுமா உனக்கு?" என்று கேட்டார். போதும் அண்ணே, கண்டிப்பாக வந்துவிடும் என்றேன். உனக்கு என்று கேட்டாரே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஒரு மாசம் நான் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை. மறுபடியும் 'வரிசையில் உள்ளது'. காசைத் திருப்பி அனுப்பு, மார்க்கே வேண்டாம் என்று எழுதினேன். வரிசையில் இருப்பதை நடுவில் எடுக்க முடியாது என்று பதில் வந்தது. திட்டி எழுதினேன். கெஞ்சி எழுதினேன். அந்த இனிப்புக் குரல் பெண்ணிடம் குழந்தை, கோயில், கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வரிசை நகரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வல்லம் வரைக்கும் பைக்கை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு தடவையும் அங்கே ஒரு கடையில் வேண்டாத போல்ட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, காசு வரவில்லை. கூப்பிட்டிருந்தார்கள், போகாமல் இருக்க முடியுமா? கோயில் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தைக்கு வெள்ளைக் கவுன், நெற்றியில் இன்னும் ஈரம். அண்ணி கறுப்புக் கயிற்றை எடுத்து வந்தாள். அதில் மாதா சுரூபம் மட்டும் இருந்தது. அண்ணனின் தங்கை ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். கட்டினார்கள். குழந்தை அழவில்லை, கொட்டாவி விட்டது. எனக்கு இலை போட்டு பிரியாணி வைத்தார்கள். அண்ணனே வந்து, இன்னொரு துண்டு வை என்று என் இலையைக் காட்டிச் சொன்னார். அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. கனமாக இருந்தது.

ஸ்லாப். தடித்த கண்ணாடிப் பெட்டிக்குள் காசு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. மேலே சீட்டு. மார்க் கிடையாது. ஆனால் அசல் என்று போட்டிருந்தது. துளை, சுத்தம் செய்யப்பட்டது என்ற பழைய பாட்டும் இருந்தது. அதற்கு மேலே, ஊர் என்ற இடத்தில், செஞ்சி என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பத்து வருஷம் சிரித்தார்களே, இப்போது பாருங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். குழந்தை ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்லாபை வாங்கினார். அசல்னு போட்டிருக்கான் அண்ணே, நம்ம ஊர் பேரே போட்டிருக்கான், இனிமே எவனும் பேச முடியாது என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியின் நாலு ஓரத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்க தொறக்கணும்?" என்றார்.

திறக்க முடியாது என்றேன். திறந்தால் இந்தச் சீட்டு செல்லாது என்றேன். அவர் தலையாட்டினார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மொத தடவ உன் கைக்கு வந்தன்னிக்கே எனக்கு மெசேஜ் வந்துட்டுது, தம்பி. திருப்பிப் போச்சின்னும் வந்துது."

படிவத்தில் காசின் சொந்தக்காரர் என்ற இடத்தில் அவர் பேரையும் அவர் போன் நம்பரையும் எழுதியது நான்தான். அவர் பொருள் அவர் பேரில்தான் இருக்க வேண்டும் என்று ரொம்பப் பெருந்தன்மையாக எழுதினேன், எழுதி மறந்தும் போனேன். இன்னும் வரவில்லை என்று நான் போனில் சொன்னபோது, வந்ததும் போனதும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கிறார். தெரிந்துதான் எனக்கு இன்னொரு துண்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஏண்ணே கேக்கல?" என்றேன்.

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார்.

நான் பைக் பெட்டியைத் திறந்து ஹேக்ஸா பிளேடை எடுத்தேன். களத்து ஓரக் கல்லின் மேல் ஸ்லாபை வைத்து அறுக்க ஆரம்பித்தேன். நல்ல கெட்டி, பிளேடு வழுக்கி விரல் கிழிந்தது. அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பெட்டி பிளந்து, காசு மல்லாட்டை மேல் விழுந்தது. சீட்டு இரண்டாகக் கிழிந்துவிட்டது. காசை எடுத்து வேட்டியில் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்குள் போனோம். அவர் மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி காசை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இப்போது கட்டலாமே அண்ணி, கயிற்றை அவிழ்த்து இதையும் கோர்த்துவிடலாமே என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

மொதக் கயிறு ஒரு தடவைதான், கொழந்த நடக்குற வரைக்கும் கட்டுனத அவுக்கக் கூடாது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். காசை மாதா படத்துக்குக் கீழே இருக்கிற டப்பாவில் போட்டு மூடினாள். அடுத்தது பிறக்கட்டும் என்றாள்.

அண்ணனின் மகள் அதுவரை என்னைப் பார்க்கவே இல்லை. இப்போது நிமிர்ந்து, இந்த வீட்டில் பிறந்ததில் இவளுக்கு மட்டும்தான் இல்லை, இல்லையா சித்தப்பா என்றாள். என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. சும்மா, சரிபார்த்துக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

கிளம்பும்போது அண்ணன் பைக் வரைக்கும் வந்தார். விரலில் சுற்றிக்கொள்ள ஒரு துணிக் கிழிசல் கொடுத்தார்.

"அவ பெருசாயி, எனக்கு ஏன் கட்டலன்னு கேட்டா, நாங்க யாரும் சொல்ல மாட்டோம். நீதான் வந்து சொல்லணும்."

சரி அண்ணே என்றேன்.